கானாவில் கரண்ட் போன நாள்

2017 ஜூன் 27, செவ்வாய்க்கிழமை. கொப்பன்ஹேகனில் துறைமுகக் கரையோரம் இருக்கும் மேர்ஸ்க் கப்பல் கம்பனியின் தலைமையகத்தில் கணினித் திரைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துப் போயின. சில திரைகளில் 300 டொலர் பெறுமதியான பிட்காயின் கேட்டு ஒரு அறிவித்தல் வந்தது. கணினிகளைக் கழற்றச் சொல்லி ஊழியர்கள் மாடிக்கு மாடி ஓடினார்கள். உலகம் முழுக்க விரிந்திருந்த அந்தக் கம்பனியின் வலையமைப்பை நிறுத்தி முடிக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் எல்லாம் போய்விட்டது.

மேர்ஸ்க் என்றால் நம்மில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நீல நிறத்தில் ஏழு முனை வெள்ளை நட்சத்திரம் போட்ட கொள்கலன்களை நெடுஞ்சாலையில் எத்தனை முறை கண்டிருப்போம்! அன்று உலகக் கொள்கலன் கப்பல் போக்குவரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவர்கள் கையில் இருந்தது. கப்பல்கள் கடலில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கரையில் கணினி இல்லை. நியூ ஜேர்சி, ரொட்டர்டாம், மும்பைக்குப் பக்கத்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் என்று பல இடங்களில் வேலை நின்றது. லொறிகள் வாசலில் வரிசையாகக் காத்துக் கிடந்தன.

வந்த நச்சுநிரலுக்குப் பெயர் நொட்பெட்யா. உக்ரைனில் வரிக் கணக்குப் பார்க்கப் பயன்படும் எம்.இ.டொக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக அது பரவியது. ஒடேசாவில் இருந்த மேர்ஸ்க் அலுவலகத்தின் ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருந்தது. அந்த ஒன்றே போதுமாக இருந்தது. விண்டோஸில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அந்த வருட மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. ஆனால் நொட்பெட்யா கணினியின் நினைவகத்தில் கிடக்கும் கடவுச்சொற்களையும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். அதனால் திருத்தம் போடாத கணினி ஒன்றில் நுழைந்து, அங்கிருந்து திருத்தம் போட்ட கணினிகளுக்கும் அதனால் தாவ முடிந்தது. இன்னுமொரு விஷயம்: அது பணம் கேட்டதெல்லாம் வெறும் வேஷம். காசு கட்டினாலும் கோப்புகளைத் திறக்க வழியே வைக்கப்படவில்லை. இது ரஷ்ய இராணுவத்தின் வேலை என்று 2018 பெப்ரவரியில் பிரித்தானியா, அமெரிக்கா, டென்மார்க் அரசுகள் வெளிப்படையாகவே குற்றம் சாட்டின.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய பகுதி. இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் மீட்பு வேலை தொடங்கியது. தனித்தனி சேர்வர்களுக்கு மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை பழைய காப்புப்பிரதிகள் கிடைத்தன. ஆனால் டொமைன் கொன்ட்ரோலர் என்ற சேர்வருக்கு மட்டும் பிரதி இல்லை. யார் நமது ஆள், யார் எந்தக் கதவால் உள்ளே போகலாம் என்ற முழுப் பட்டியலும் அதில்தான் இருக்கும். அது இல்லாமல் மற்றவற்றை மீட்டும் பிரயோசனம் இல்லை. அப்படிப்பட்ட சேர்வர்கள் உலகம் முழுக்க ஏறக்குறைய 150 இருந்தன. ஒன்றில் மாறுவது உடனே மற்ற எல்லாவற்றிலும் மாறும். ஒன்று பழுதானால் மிச்சம் 149 இருக்கிறதே என்று நினைத்திருந்தார்கள். 150-உம் ஒரே நேரத்தில் அழியும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

தேடித் தேடி, கடைசியில் ஒரே ஒரு சேர்வர் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மேற்கு ஆபிரிக்காவில், கானா அலுவலகத்தில். காரணம், நச்சுநிரல் வருவதற்கு முன்னமே அங்கே கரண்ட் போயிருந்தது! கானா மக்கள் இந்த மின்வெட்டுக்கு 'தும்சோர்' என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். மின்வெட்டோடு வளர்ந்த நமது பெற்றோருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

அதோடு சிக்கல் தீரவில்லை. கானாவின் இணைய இணைப்பு மெதுவானது. நூற்றுக்கணக்கான ஜிகாபைட் தரவை அனுப்பப் பல நாட்கள் எடுக்கும். அங்கிருந்த ஊழியர்களிடம் பிரித்தானிய விசாவும் இல்லை. கடைசியில் ஒருவர் வன்தட்டைத் தூக்கிக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்தார். அங்கே விமான நிலையத்தில் இன்னொருவர் அதை வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் பறந்தார். உலகின் மிகப் பெரிய கப்பல் கம்பனியொன்றின் உயிர் ஒரு கைப்பையில் போனது என்றே சொல்லலாம்.

பிறகு 10 நாட்களில் 4,000 சேர்வர், 45,000 கணினி, 2,500 மென்பொருள்கள் திரும்ப நிறுவப்பட்டன என்று கம்பனியின் தலைவர் ஜிம் ஹாகெமன் ஸ்னாபெ 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நட்டம் 250 முதல் 300 மில்லியன் டொலர்.

இதெல்லாம் பெரிய கம்பனிகளின் கதை, நமக்கு ஏன் என்று கேட்கலாம். சரி, நமது வீட்டு மடிகணினியை எடுப்போம். அதில் என்ன இருக்கிறது? ஜிம்னாசியம் கடைசி வருடக் கட்டுரை. தம்பியின் பிறந்தநாள் வீடியோ. அம்மம்மாவின் ஊர்ப் படங்களை ஸ்கேன் செய்து வைத்த கோப்பு. அசல் படம் எங்கே என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. "எல்லாம் கிளவுட்டில் இருக்கு அக்கா" என்று ஒரு தங்கை சொன்னாள். ஒரு கோப்பு இங்கே பூட்டப்பட்டால், பூட்டிய கோப்பே கிளவுட்டுக்கும் போய்ச் சேரும். மேர்ஸ்கின் 150 சேர்வர்களுக்கு நடந்ததும் இதே கதைதான். சில சேவைகள் பழைய பதிப்புகளைக் கொஞ்ச நாள் வைத்திருக்கும். அது நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

காப்புப்பிரதி எப்போதும் பொருத்தியபடியே இருந்தாலும் இதே ஆபத்துத்தான். 2023 ஓகஸ்ட் 18 அதிகாலையில் கிளவுட்நோர்டிக் என்ற டெனிஷ் நிறுவனம் தாக்கப்பட்டது. சேர்வர்களை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலையில், ஏற்கெனவே தொற்று இருந்த இயந்திரங்கள் உள் வலையமைப்போடு இணைந்துவிட்டன. சேர்வர்களோடு காப்புப்பிரதிகளும் பூட்டப்பட்டன. கேட்ட பணத்தைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டோம் என்றது நிறுவனம். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் தங்கள் இணையத்தளம், மின்னஞ்சல் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

ஆகவே வெளி வன்தட்டு ஒன்று வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. கணினி நல்ல நிலையில் இருக்கும்போது முழு வட்டையும், விண்டோஸ், மென்பொருள், கோப்புகள் எல்லாவற்றோடும், அப்படியே ஒரு பிம்பமாக எடுத்து வையுங்கள். விண்டோஸிலேயே இதற்கு வசதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் குளோன்சில்லாவும் இருக்கிறது. மெக் வைத்திருப்பவர்களுக்கு டைம் மெஷின். எடுத்து முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். கழற்றுவதுதான் முக்கியம். கானாவில் மின்வெட்டு செய்த வேலையை வீட்டில் நமது கைதான் செய்ய வேண்டும். பழைய பிம்பத்தை உடனே அழித்து விடாதீர்கள், இரண்டு மூன்றாவது இருக்கட்டும். ஏனென்றால் நச்சுநிரல் சில நேரம் வாரக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் தலைகாட்டும். நேற்று எடுத்த பிரதிக்குள்ளும் அது இருக்கலாம்.

தொற்று வந்துவிட்டால்? முதலில் வைஃபையை நிறுத்துங்கள். பதறிப்போய்க் காப்பு வன்தட்டைக் கொண்டுவந்து அந்தக் கணினியில் செருக வேண்டாம். பலரும் கடைசி நம்பிக்கையை இழப்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். சுத்தமான வேறொரு கணினியில் மீட்பு யு.எஸ்.பி ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து கணினியை இயக்குங்கள். பிறகு வன்தட்டைப் பொருத்தி, தொற்றுக்கு முந்திய திகதியுள்ள பிம்பத்தைத் தெரிவு செய்யுங்கள். பழைய வட்டு முழுவதும் அழிந்து, பிம்பம் அதன்மேல் எழுதப்படும். நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள்.

திரும்பி வந்த கணினி பழைய கணினி என்பதை மறக்கக் கூடாது. நச்சுநிரல் நுழைந்த ஓட்டையும் அதோடு திரும்பி வந்திருக்கும். ஆகவே வேறு எதையும் திறக்காமல் முதலில் எல்லா அப்டேட்டும் போடுங்கள். கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றுங்கள். தொற்றிய கணினியில் மிட்ஐடி அல்லது வங்கி விவரம் கொடுத்திருந்தால், மிட்ஐடியைத் தடைசெய்துவிட்டு வங்கிக்கு அழையுங்கள். கோப்புகள் பூட்டப்பட்டுப் பிரதியும் இல்லை என்றால் பணம் கட்டுவதற்கு முன் 'நோ மோர் ரான்சம்' தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியப் பொலிஸும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்துவது, சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசத் திறப்பு உண்டு. பாடசாலை அல்லது வேலையிடத்துக் கணினி என்றால் நீங்களாக ஒன்றும் செய்ய வேண்டாம், அங்குள்ள தொழில்நுட்ப ஆட்களிடம் உடனே சொல்லுங்கள்.

எடுத்த பிம்பம் வேலை செய்யுமா என்று இப்போதே பார்த்து வையுங்கள். மீட்பு யு.எஸ்.பியிலிருந்து கணினி எழும்புகிறதா, பிம்பத்துக்குள் போய் அந்த அம்மம்மாவின் படத்தைத் திறக்க முடிகிறதா? இரண்டுக்கும் சேர்த்து அரை மணித்தியாலம் போதும். இடையில் எங்காவது சிக்கினால் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் மடிகணினியோடு நம்மிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.