கச்சி கச்சி மலை

யப்பானியப் பாலர் கதைகளின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளிலே 'பாட்ஜர்' என்னும் விலங்கு அடிக்கடி தலைகாட்டும். மூலத்திலோ அது 'தனுக்கி', நாய்க் குடும்பத்தது. பாட்ஜரோ நீர்நாயின் இனம். 1871இல் மிற்போட் ஆண்ட இச்சொல்லையே 1903இல் ஒசாக்கி அம்மையாரும் கையாண்டார்.

விலங்கு மாறினாற் கதை கெடாது. 'கச்சி கச்சி மலை'யிலே கதையே கெட்டது. தனுக்கி சுமந்து செல்லும் விறகுக்குத் தீயிட, பின்னே வரும் முயல் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டுகிறது. அவ்வோசையே 'கச்சி கச்சி'. “என்ன சத்தம்?” என்று தனுக்கி வினவ, இம்மலையின் பெயரே அதுதான் என்று முயல் ஏய்க்கிறது. மிற்போட் 'படபடக்கும் மலை' என்று பொருள்படப் பெயரிட்டார். விறகு படபடப்பது தீப்பற்றிய பின்னரன்றோ? இரட்டைக்கிளவி பயின்ற நம் மாணவர், 'கச்சி கச்சி'யை அப்படியே விட்டிருக்கலாமே என்பர்.