ஊட்டிக்கும் வேண்டும் ராஜமலை விதி

கல்லாறு சோதனைச் சாவடியில் கைப்பேசியை நீட்டி இ-பாஸைக் காட்டிவிட்டால் ஊட்டிக்கு வழி திறந்துவிடும். அதன் பிறகு அந்தக் கார் எங்கே போகிறது, எந்தப் புல்வெளி ஓரத்தில் போய் நிற்கிறது என்று அந்தப் பாஸ் கேட்பதில்லை. 2024 மே மாதம் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு 2025 ஏப்ரல் முதல் உச்சவரம்பு ஒன்றையும் சேர்த்தது சென்னை உயர் நீதிமன்றம். நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அன்று தொடங்கி இந்த நான்கு எண்களைச் சுற்றியே வழக்கும் கடையடைப்பும் நடக்கின்றன. எண்ணைக் கூட்டலாமா, எடுத்தே விடலாமா என்றுதான் பேச்சு. மேலே இருக்கும் புல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தப் புல்லைப் பேச வேண்டுமானால் மூணாறு பக்கம் போய்வர வேண்டும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் சொந்த வண்டிக்கு இடமில்லை. அதைக் கீழேயே நிறுத்திவிட்டு வனத்துறைப் பேருந்தில்தான் ராஜமலைக்கு ஏற வேண்டும். இறங்கினால் ஒரு சாலை. நடப்பது அதில் மட்டும்தான். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அருகிலேயே நிற்கிறது. சுற்றுலா வந்தவர் அதில் ஏற முடியாது. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தில் பூங்காவையே பூட்டிவிடுகிறார்கள்.

நான் போன நாளில் மூடுபனி. சாலை வளைவில் ஒரு தாய் ஆடு, குட்டியோடு கல்லின்மேல் நின்றது. பத்தடி தூரம்கூட இருக்காது. குட்டி கழுத்தைக் கல்லில் தேய்த்தது, எங்களைப் பார்த்தது, மறுபடி தேய்த்தது. தாய் அசைபோடுவதை நிறுத்தவே இல்லை. பேருந்து நிறைய வந்திருந்த கூட்டம் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. மனிதனைக் கண்டால் செங்குத்துப் பாறையில் ஓடி மறையும் விலங்கு, இங்கே ஓட வேண்டியதில்லை என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் தேறிய வரையாடுகள் மொத்தம் 2,668. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இவை கிடையாது. இதில் 841, இரவிகுளத்தின் 97 சதுர கிலோமீட்டருக்குள் மட்டும் இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! தமிழ்நாட்டின் எல்லா மலைகளையும் கூட்டினால் 1,303. மாநில விலங்கு நம்முடையது. வரையாட்டுக்கென்று 25 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தவர்களும் நாம்தான். ஆனால், ஒரே குன்றுக் கூட்டத்தில் 841 ஆட்டை வாழ வைத்திருப்பது பக்கத்து மாநிலம்.

இரவிகுளம் ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் வேட்டைக்களம். 1971இல் கேரளம் சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் நிலங்களை எடுத்தது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. நீலகிரியின் முக்குருத்தி தேசியப் பூங்கா அமைய 1990 ஆயிற்று. பரப்பு 78 சதுர கிலோமீட்டர்தான். அதற்கு வெளியே இருந்த புல்வெளியில் பெரும்பகுதியைச் சீகை மரமும் கற்பூர மரமும் ஏற்கெனவே விழுங்கியிருந்தன. புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து மரம் நட்டவர்கள் அரசாங்கத்தார். இன்று அதே புல்வெளியை வெறும் மைதானம் என்று நினைத்து மிதிப்பவர்கள் நாம். ஊட்டியின் ஒன்பதாவது மைலில், சினிமாப் பாட்டில் எல்லோரும் பார்த்த அந்தச் சரிவில், கூட்டம் நடந்து நடந்து புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது. குனிந்து தொட்டுப் பார்த்தேன், தரை சிமெண்ட் போல இறுகிக் கிடக்கிறது. அதில் மழைநீர் எப்படி இறங்கும்?

இது ஆட்டின் பிரச்சினை மட்டுமல்ல என்று சொல்ல வருவது இதனால்தான். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப் பெய்வதை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையில் ஓடையாகக் கசியவிடுவது சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும் சதுப்பும்தான். பவானியும் மாயாறும் இந்த மலையிலிருந்து இறங்கி பவானிசாகரில் சேர்கின்றன. அங்கிருந்து போகும் கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2.07 லட்சம் ஏக்கர் இருக்கிறது. ஈரோட்டு விவசாயியின் வயல் மேலே புல்வெளியில் தொடங்குகிறது.

இ-பாஸை எதிர்த்து நீலகிரி வியாபாரிகள் 2025 ஏப்ரல் 2ஆம் தேதி கடையடைத்தார்கள். பிழைப்புப் போகிறது என்றார்கள். மூணாறில் இரண்டு மாதம் பூங்காவைப் பூட்டுகிறார்களே, அங்கே கடைகள் இல்லையா, விடுதிகள் இல்லையா? அந்த ஊர் ஒழிந்தா போயிற்று? வரையாட்டைப் பார்க்கத்தான் அங்கே வண்டி வண்டியாக ஜனம் வருகிறது. பிழைப்பு வாதத்துக்கு இதைவிடப் பதில் தேவையில்லை.

அரசும் நீதிமன்றமும் வண்டியை எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மிச்சமிருக்கும் புல்வெளி அத்தனைக்கும் ராஜமலை விதி வர வேண்டும். சொந்த வண்டி கீழே, வனத்துறைப் பேருந்து மேலே, சாலையை விட்டு இறங்கத் தடை, பிப்ரவரியும் மார்ச்சும் முழுப் பூட்டு. அரைகுறையாகச் செய்தால் அடுத்த தலைமுறை வரையாட்டைப் பாடப் புத்தகத்தில்தான் பார்க்கும்.

இதற்குக் கெடுவும் இருக்கிறது. நீலக்குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. அடுத்து 2030. அந்த ஆண்டு மலைக்கு வரப்போகும் கூட்டத்தை எந்த இ-பாஸாலும் தாங்க முடியாது. விதியை அதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.