செட்டிங் போடத் தெரியுமா?

ரிசல்ட் வந்த வாரம் வீடுகளில் ஓடுவது கட்-ஆஃப் கணக்குதான். பி.இ. கிடைக்குமா, கிடைத்தால் கம்ப்யூட்டரா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஐடிஐ, பாலிடெக்னிக் என்று வாயெடுத்தால் "ஏன், மார்க் வரலையா?" என்பார்கள். பம்புசெட்டிலும் வெட் கிரைண்டரிலும் சோறு தின்கிற கோவையிலேயே இப்படி. 1945இல் அதே ஊரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கைத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவோ, இன்ஜினியரிங் படிக்க நாலு வருஷம் வீண் என்று வாதாடியவர்.

பத்தாவது முடித்தவருக்கு மூன்று வருட டிப்ளமோ. இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். டிப்ளமோ முடித்தவருக்கு பி.இ.யிலும் இரண்டாம் வருடம். இதெல்லாம் விசாரித்தால் தெரிந்துவிடும். விசாரிக்காமல் விடுவது வேறொன்று.

'சிஎன்சி கற்றுத் தருகிறோம்' என்று எந்த ஊரிலும் போர்டு தொங்குகிறது. கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டுகிற அந்த மெஷினைக் கற்ற பிறகு பையன் என்ன செய்வான்? பல பட்டறைகளில் கதவைத் திறப்பான், முடிந்த பீஸை எடுப்பான், புதியதை மாட்டுவான், பட்டனை அழுத்துவான். ஷிப்ட் முழுக்க இதுதான். பக்கத்தில் இன்னொருவர் இருப்பார், செட்டர். எந்த டூல், எங்கே ஜீரோ, எவ்வளவு ஆஃப்செட் என்று முடிவு செய்து முதல் பீஸை ஓட்டிப் பார்ப்பது அவர். டூலின் வெட்டுமுனையான இன்சர்ட் தேயத் தேய அளவு மைக்ரான் மைக்ரானாக நகரும். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எப்போது திருத்துவது, எப்போது இன்சர்ட்டையே மாற்றுவது என்பதும் அவர் கையில். மெஷின் ஒன்றுதான், ஆனால் சம்பளமும் மரியாதையும் வேறு வேறு.

செட்டராவதற்குக் கணக்கு வேண்டும், அதுவும் பத்தாம் வகுப்புக் கணக்கு. 50 மி.மீ. நீளத்தில் 40 விட்டம் 30 ஆகக் குறைய வேண்டுமா? அரை வித்தியாசம் 5. அதை 50ஆல் வகுத்தால் 0.1. டேன் மதிப்பு 0.1 வருகிற கோணம் ஏறத்தாழ 5.7 டிகிரி. சாதா லேத்தில் காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்ப வேண்டியது அவ்வளவுதான். 'இந்த டிரிக்னாமெட்ரி எதுக்கு சார் உதவும்?' என்று கேட்ட பையன்களை இங்கே கொண்டுவந்து நிறுத்த ஆசை.

அதனால் முதல் வருடம் சாதா லேத்தில் கடைந்தும் பெஞ்ச் வைஸில் அரம் பிடித்தும் பழகட்டும். வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கையோடு ஒட்ட வேண்டும். இந்த விஷயத்தில் நான் பழைய ஆள்தான். டூல் அண்ட் டை பிரிவு எடுப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டை என்கிற அச்சில் விழுந்த பிசகு அதில் அடிக்கிற ஒவ்வொரு பீஸிலும் விழும்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு. ஆனால் அப்ரண்டிஸைச் சல்லிசான ஆளாக நினைக்கிற முதலாளிகளும் உண்டு. சேருமுன் அங்கே ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் பையனிடமோ பெண்ணிடமோ பேசுங்கள். "செட்டிங் யார் போடறாங்க?" என்று கேளுங்கள். கல்லூரி பார்க்கப் போனால் கட்டடத்தை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் ஒன்றுகூடக் கிடக்கவில்லை, பெயின்ட்டும் பளபளக்கிறது என்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.