நாலு மணி நேரத்தில் வந்துவிட முடியுமா?

ஆடிக் கிருத்திகை வருகிறது. திருத்தணி மலையில் புஷ்பக் காவடிகள் ஏறப் போகின்றன. பிள்ளை சிங்கப்பூரில் இருக்கும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்?

"நாலு மணி நேரம்தானே! காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவான்."

இந்தக் கணக்கு தப்பு.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வான்வழித் தூரம் சுமார் 2,900 கிலோ மீட்டர். பழைய கணக்கில் 1,800 மைல். இதை விமானம் நாலு, நாலேகால் மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. தாத்தா காலத்தில் 'ரஜூலா' என்று ஒரு கப்பல் ஓடியது. 1926-ல் கட்டிய கப்பல். சென்னையில் ஏறினால் நாகப்பட்டினம், பினாங்கு என்று நின்று நின்று சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்!

வாரம் போய் மணி வந்தது, சரி. அந்த மணியில்தான் குழப்பம்.

சிங்கப்பூர் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சூரியன் அங்கே முதலில் உதிக்கிறது அல்லவா? ஆனால் சூரியக் கணக்குப்படி வித்தியாசம் சுமார் ஒன்றரை மணிதான். மீதி, அரசாங்கம் தள்ளி வைத்தது. 1982 ஜனவரி 1-ந் தேதி மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது.

விமான டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்படும் விமானம் சென்னையில் இரவு 9.45-க்கு இறங்கும். பார்த்தால் ஒன்றே முக்கால் மணிப் பயணம் போல இருக்கும். திரும்பிப் போகும்போது, நள்ளிரவு 12.30-க்குப் புறப்பட்டால் காலை 7.15-க்கு இறங்கும். ஆறே முக்கால் மணி போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் நாலேகால் மணிதான்.

இந்த 12.30-தான் பலரை ஏமாற்றுகிறது. டிக்கெட்டில் "16-ந் தேதி, 00.30" என்று இருந்தால், 15-ந் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 16-ந் தேதி இரவு சாவகாசமாகப் போனால், விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள்.

இனி வீட்டுக்கு வீடு கணக்குப் பாருங்கள். இரவு 8 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்கே நிலையத்தில் நிற்க வேண்டும். அதற்கு 4 மணிக்கு அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது திருத்தணியில் பகல் 1.30. மீனம்பாக்கத்தில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, பெட்டியை எடுக்க ஒரு மணி நேரம். பிறகு 85 கிலோ மீட்டர் சாலை. வீட்டுக் கதவைத் தட்டும்போது இரவு ஒரு மணியாகும். ஆக, பதினொன்றரை மணி நேரம்! அதுவும் டிக்கெட் கையில் இருந்தால்.

திருவிழாவுக்குத் தாமதமானால் பாதகமில்லை. துக்க வீட்டில்?

தகப்பனார் காலமாகிவிட்டார். "எத்தனை மணிக்கு எடுப்பது?" என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்கிறார்கள். நாலு மணிக் கணக்கை நம்பி நேரம் குறித்துவிட்டால், கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை வெறும் வீட்டுக்குத்தான் வந்து சேருவான்.

டிக்கெட் விற்கும் கம்பெனிகள் ஒரு காரியம் செய்யலாம். புறப்படும் மணிக்குப் பக்கத்தில், "15-ந் தேதி இரவு வரவும்" என்று தமிழில் ஒரு வரி அச்சடிக்கலாம். பிள்ளைகளும் ஊருக்குப் போனில் சொல்லும்போது, "நம்ம ஊர் மணிக்கு இத்தனைக்கு வீட்டில் இருப்பேன்" என்றே சொல்லட்டும்.