பன்னுல பூண்டுப்பொடி போட்டா என்ன?

செமஸ்டர் லீவுக்குப் பெரணமல்லூர் போயிருந்தப்போ ஒரு சண்டை. "வான்கூவர்ல ஹாட் டாக் மேல கடல்பாசி தூவி விக்கிறாங்க"ன்னு சொன்னேன். "உவ்வே, இதெல்லாம் ஒரு ஃப்யூஷனா?"ன்னான் நண்பன். அவன் கையில இருந்தது கோபி மஞ்சூரியன்! (மஞ்சூரியாவுல அப்படி ஒரு ஐட்டமே கிடையாதுடா.)

அந்தக் கடை பேரு ஜாப்படாக். ஜப்பானிலிருந்து கனடாவுக்குப் போன ஒரு தம்பதி 2005-ல் தள்ளுவண்டியில் ஆரம்பித்தது. தெருவில் ஹாட் டாக் தவிர வேறெதுவும் விற்க அன்றைக்கு அங்கே அனுமதி கிடைப்பது கஷ்டம். பன்னை மாத்த முடியல, மேல போடுறதை மாத்திட்டாங்க: டெரியாக்கி சாஸ், மயோனைஸ், நோரி.

சென்னை பர்மா பஜார் பக்கம் கிடைக்கிற அத்தோவும் இந்த ஜாதிதான். 1960-களில் பர்மாவில் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த தமிழர்கள் கையோடு கொண்டுவந்த நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப். பிழைப்புக்காகச் செய்த கலப்பு. மால்ல தோசை மேல மயோனைஸைப் பிதுக்கி 'ஜப்பான் ஸ்டைல்'னு முந்நூறு ரூபாய் வாங்குறதை நானும் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா நாளைக்கு எங்க ஊர்ல தறியை விட்டுட்டு ஒருத்தர் வண்டி போட்டு, பன்னுக்குள்ள பூண்டுப்பொடி தூவிக் கொடுத்தா, முதல் ஆளா நான் நிப்பேன். சாஸ் மட்டும் கம்மியா, அண்ணா.