கிறிஸ்து பிறந்தார்! கடனும் பிறந்தது!

டிசம்பர் வந்துவிட்டது. எலவனாசூர்கோட்டைக் கடைத்தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. அவைகளுக்குக் கீழே தண்டல்காரனின் மோட்டார் சைக்கிளும் வீடுவீடாய் நிற்க ஆரம்பித்துவிட்டது. கிறிஸ்து பிறப்பை முதன்முதல் அறிந்தவர்கள் மேய்ப்பர்கள் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதாம். நமது ஊரில் முதன்முதல் அறிகிறவன் வட்டிக்காரனே ஆவான்.

சென்ற வாரம் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் நாம் உட்கார்ந்திருக்கும்போது, நமக்கு நெடுநாள் பழக்கமுள்ள ஒரு கொத்தனார் தோழர் வந்தார். அவர் கிறிஸ்தவர். "அண்ணே, பத்தாயிரம் தண்டல் எடுத்திருக்கேன். மகளுக்குத் தலைக் கிறிஸ்மஸ்" என்றார். கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டோம். "எட்டாயிரத்து ஐந்நூறு" என்றார். மீதி எங்கே என்றதற்கு, "அது பிடிச்சுக்குவாங்கண்ணே, வழக்கந்தானே" என்று சொல்லி, ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் நம்மைப் பார்த்தார்.

தோழர்களே! இந்த வழக்கத்தைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கைக்கு வந்தது 8,500. நாள் ஒன்றுக்கு 100 வீதம் 100 நாளில் கட்டவேண்டியது 10,000. வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே அசலையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு வருகிறபடியால், அந்த நூறு நாளில் சராசரியாக நம்மிடம் இருக்கும் அவன் பணம் சுமார் 4,250 தான். 4,250-க்கு நூறு நாளில் 1,500 என்றால், வருஷத்துக்கு நூற்றுக்கு நூறுக்கும் மேலே போய்விடுகிறது. எந்த வேதத்தில், எந்தச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது?

சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத்தில் செய்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி என்று பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. சட்டம் வந்து 14 வருஷம் கழித்து, 2017 அக்டோபரில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே, குழந்தைகள் உட்பட, தீயில் வெந்தது.

வேதத்தின் கதி என்ன? 1179-ல் ரோமாபுரி லாட்டரன் மாளிகையில் கூடிய திருச்சபைச் சங்கம், பகிரங்கமாய் வட்டி வாங்குகிறவனுக்குக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கமே கிடையாது என்று தீர்மானித்தது. கோயிலுக்குள் காசு மாற்றுகிறவர்களின் மேஜைகளை ஏசு கவிழ்த்துத் தள்ளினார் என்று சுவிசேஷம் சொல்லுகிறது. அக்கதை நடந்ததோ இல்லையோ, அப்பேர்ப்பட்டவருடைய பிறந்தநாளே வட்டிக்காரனுக்கு அறுவடைக் காலமாயிருப்பது வேடிக்கையல்லவா? பண்டிகைதான் பக்தி என்பதும் பொய். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நாட்டில் வேதமே கதியென்றிருந்த கிறிஸ்தவர்களே, வேதத்தில் இந்தப் பண்டிகை இல்லையென்று 1659-ல் சட்டம் போட்டு, கொண்டாடினவர்களுக்கு 5 ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். 1681 வரை அது இருந்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே!

இந்துத் தோழர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கவேண்டாம். தீபாவளிக்கு வாங்கியது தீர்ந்ததா? இரண்டு பண்டிகையும் சம்பா அறுவடைக்கு முன்னால் வந்து நிற்கின்றன. மார்கழியில் நெல் வயலில் இருக்கிறது. தையில்தான் களத்துக்கு வரும். கையில் காசில்லாத மாதத்தில் செலவு வந்தால் கடன் வராமல் என்ன செய்யும்? இதைப் பஞ்சாங்கக்காரனும் பாதிரியும் யோசித்து வைத்தார்களென்று நாம் சொல்லவில்லை. வட்டிக்காரன் யோசித்து வைத்திருக்கிறான்.

இந்தத் தலைக் கிறிஸ்மஸ் என்பது எங்கிருந்து வந்தது? பெத்லகேமிலிருந்தா? தலை தீபாவளியின் மேல் சிலுவை போட்டதுதானே! மதம் மாறினோம், மாப்பிள்ளை முறுக்கு மாறவில்லை. பெண்ணைப் பெற்றவன் தலையில் கைவைப்பதும் மாறவில்லை. ஜாதி மாறியதா? நமக்குப் பக்கத்திலுள்ள எறையூரில், ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்குள் சுடுகாடு வேறு, சவவண்டி வேறு என்றிருந்து, தனிப் பங்கு கேட்ட ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் தாக்கப்பட்டு, 2008 மார்ச் 9-ந் தேதி போலீஸ் துப்பாக்கியால் இரண்டு உயிர் போனதை யார் மறந்துவிட முடியும்? அப்படிப்பட்ட ஊர்களில், "அவன் தெருவைவிட நம் தெரு குறைந்துபோகக் கூடாது" என்று வைக்கும் குடிலுக்கும் போடும் விளக்குக்கும் செலவு எங்கே நிற்கும்? பணத்தைச் சீமான் கட்டட்டும். தெரு மானத்தைக் கூலிக்காரன் கடன் வாங்கிக் காப்பாற்றவேண்டுமா? அதிலும் இப்போது குழுக் கடன் பெண்கள் பேரில் வருகிறது. வரிசையை மெச்சுகிறவன் மருமகன், கையெழுத்துப் போட்டவள் மாமியார், வாராவாரம் வசூல்காரன் முன் நிற்கிறவளும் அவளே.

பண்டிகைச் சீட்டுக் கட்டினால் கடன் வராதே என்பார்கள். கம்பெனி இருந்தாலல்லவா! நம் நாட்டில்தான் ஓடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2006 அக்டோபரில் இங்கிலாந்தில் ஃபேர்பாக் என்ற கிறிஸ்துமஸ் சேமிப்புக் கம்பெனி திவாலாகி, லட்சத்துக்கு மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வெறுங்கையோடு நின்றன. சேர்க்கிறவர்கள் பாங்கில் தங்கள் பேரிலேயே மாதம் 500 கட்டிவந்தால், அடுத்த டிசம்பரில் 6,000-மும் சிறிது வட்டியும் தங்களுக்கே வரும்.

"ஒரு நாள் சந்தோஷமாயிருக்கக் கூடாதா?" என்று நம்மைக் கேட்கிறார்கள். தாராளமாய் இருங்கள். பிள்ளைக்கு ஒரு சட்டை, வீட்டில் ஒரு கோழி, இதற்கு நாம் விரோதியல்ல. அந்தக் கோழிக்குப் பங்குனி வரையில் தவணை கட்டவேண்டுமா என்பதே நமது கேள்வி. சொந்தக் காசில் சோறும் குழம்பும்தான் முடியுமென்றால் சோறும் குழம்பும் போடுங்கள். சம்பந்தி முகம் சுளித்தால் சுளித்துக்கொள்ளட்டும். அவர் முகத்துக்கு நாள் ஒன்றுக்கு நூறு ரூபாய் கொடுக்க முடியாது.

கொத்தனார் தோழரிடம் இதையெல்லாம் சொன்னோம். "பணத்தை இன்னும் தொடலை, திருப்பிக் குடுத்தா வாங்குவானாண்ணே?" என்றார். மறுநாள் அவருடன் நாமும் போனோம். வட்டிக்காரர் 8,500-ஐ வாங்கிக்கொண்டு, பிடித்த 1,500-ம் வரவேண்டும் என்றார். சட்டத்தின் பெயரைச் சொன்னபிறகு 500-க்கு இறங்கினார். அந்த 500-ம் கொடுக்கப்படவில்லை. தகராறு நடந்துகொண்டிருக்கிறது, முடிவை அடுத்த வாரம் எழுதுகிறோம். இப்படி இந்த மாதம் வாங்கிய கடனைத் திருப்ப நினைக்கிற தோழர்கள், எந்த மதமானாலும் சரி, ஞாயிறு மாலையில் அதே டீக்கடைக்கு வரலாம்.