வராதவன் பெயரும் ஏட்டில் வேண்டும்

ஒரகடத்தில் மகன் வீட்டோடு வந்து நான்கு வருடம் ஆகிறது. காலை ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். கழுத்தில் 'டிரெய்னி' அட்டை தொங்க, பையன்கள் ஏறுவார்கள். அட்டை இல்லையென்றால் கேட்டில் விடமாட்டார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குள் இருக்கும் பழைய குமாஸ்தா விழித்துக்கொள்வான். பெயர் ஏட்டில் ஏறியிருக்கிறதா என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி.

சமீபத்தில் வேறொரு பயிற்சி இடத்தைப் பற்றிப் படித்தேன். தங்கவயலால் நமக்குத் தெரிந்த கோலாரில், இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை 1673-ஆம் எண் பயிற்சிப் பிரிவை நடத்தியது. சிறிய விமானங்களில் பழகியவர்கள், நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு மாறக் கற்றது அங்கேதான். 1944 நவம்பரில் அந்தப் பிரிவிலிருந்தே 358-ஆம் ஸ்குவாட்ரன் உருவானது.

என்னைக் கவர்ந்தது விமானமல்ல, அவர்கள் வைத்திருந்த ஏடு. ஒவ்வொரு பிரிவும் 540-ஆம் எண் படிவத்தில் அன்றாட நடப்பை எழுதி வைக்க வேண்டும். இறந்தவர்களுக்கும் கணக்கு உண்டு. இங்கிருந்து கிண்டி போகும் வழியில், நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் பாருங்கள், கல்லுக்குக் கல் பெயர் இருக்கும்.

இதே லிபரேட்டர் விமானங்கள்தான் சயாம்–பர்மா ரயில் பாதையின் பாலங்கள்மீது குண்டு வீசின. அந்தப் பாதையைப் போட ஜப்பானியர் 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை வதைத்தார்கள். இறந்த கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயரோடு கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்களையும் சேர்த்து, ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களில் செத்தவர்கள் சுமார் 90,000 பேர் என்கிறார்கள். 'சுமார்' என்ற சொல் எங்கே வருகிறது பாருங்கள்! அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பட்டியல் இன்றுவரை இல்லை.

போர்க்காலத்தில் யார் எழுதுவது என்று கேட்கலாம். அதே காட்டில், பட்டினியோடு, கைதிகள் ஒளித்து ஒளித்து எழுதினார்களே! தோட்டத்திலும் காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோலில் பெயர் எழுதக் கிராணி இருந்தான். கூலி கொடுக்க எழுதிய பெயரை, செத்தபோது எழுத ஆளில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னும் காலம் போய்விடவில்லை என்பது என் கருத்து. 'சயாமுக்குப் போன தாத்தா திரும்பவில்லை' என்று சொல்லும் பேரன்கள் இங்கேயும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு பதிவேடு திறந்து, ஊர், பெயர், தோட்டம் என்று மூன்று கட்டம் போட்டால் போதும். மீதியை மக்கள் நிரப்புவார்கள்.

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் வாத்தியார் தினமும் பெயர் கூப்பிடுவார். இருப்பவன் எழுந்து 'பிரெசான்' என்பான். வராதவன் பெயருக்கு எதிரே 'ஆப்சான்' என்று எழுதுவார். வரவில்லை என்று எழுதவும் முதலில் ஏட்டில் பெயர் இருக்க வேண்டும் அல்லவா?